உறை மோர் யாருடையது?

எப்படி இயங்குகிறது? பச்சிளம் பிள்ளைக்குத் தொற்று வருகிற வழி

சித்திரை வெயிலில் மல்லாங்கிணற்றில் காலையில் காய்ச்சிய பாலை ராத்திரி வரை கெடாமல் வைத்திருப்பது லேசான காரியமில்லை. பால் ஆறிய பக்குவத்தில் ஒரு கரண்டி நல்ல மோர் விழுந்தால் அது கட்டித் தயிர். மோர் விழாமல், மூடியும் விலகிக் கிடந்தால் பொழுது சாய்வதற்குள் நாறிப்போய் நூல் விடும். இரண்டு சட்டியிலும் கிருமி பெருகியிருக்கிறது, கோடிக்கணக்கில். முதலில் நுழைந்து இடத்தைப் பிடித்தது எது என்பதுதான் வித்தியாசம். மோரில் இருக்கிற கிருமி முந்திக்கொண்டால் பாலைப் புளிக்க வைத்து, அந்தப் புளிப்பினாலேயே மற்றவை தலையெடுக்காமல் செய்துவிடுகிறது.

பிறந்த பிள்ளையின் உடம்பிலும் ஏறக்குறைய இதே கதைதான். வயிற்றுக்குள் இருக்கும்வரை பிள்ளை கிட்டத்தட்ட கிருமி படாமல் வளர்கிறது. காய்ச்சி இறக்கிய பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த நிமிடத்திலிருந்து தோல், வாய், மூக்கு, குடல் என்று எங்கும் கிருமிகள் குடியேறத் தொடங்குகின்றன. அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. முதலில் வந்து சேருவது தாயின் கிருமியா, வேறு எங்கிருந்தோ வந்ததா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தவறான கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டால் டாக்டர்கள் அதைச் செப்சிஸ் என்பார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற சொந்தக்காரர்கள் 'பிள்ளைக்கு ரத்தத்துல கிருமி கலந்திருச்சாம்' என்று சொல்வதும் இதைத்தான்.

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. அதே ஆய்வில், உயிரோடு பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் 18.6 பேர். அதில் 12.7 பேர் முதல் 28 நாளிலேயே போய்விடுகிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு சாவு முதல் மாதத்தில். குறைமாதம், பிறக்கும்போது மூச்சுத் திணறல், தொற்று, இந்த மூன்றும்தான் அதில் பெரும்பகுதிக்குக் காரணம். முதல் இரண்டும் மூன்றாவதற்கு வழிவிடுகிறவை என்பதால் தொற்றைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவும் முடியாது.

மூடி விலகுகிற நேரம்

பனிக்குடம்தான் மூடி. அது உடையாமல் இருக்கும்வரை கீழேயிருந்து கிருமி ஏறுவது கடினம். உடைந்த பிறகு, பிறப்புப் பாதையில் சாதாரணமாக இருக்கிற கிருமிகளும் குடலிலிருந்து அந்தப் பக்கம் வந்தவையும் மெல்ல மேலேறுகின்றன. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் பிள்ளை பிறக்காமல் இருந்தால் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. பதினேழு மணி நேரத்தில் ஆபத்து இல்லை, பதினெட்டாவதில் வந்துவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறுகிற ஆபத்துக்கு எங்கேயாவது ஒரு கோடு போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

குடம் ஒரேயடியாக உடைந்து நீர் கொட்டினால் வீடே பரபரப்பாகிவிடும். சொட்டுச் சொட்டாகக் கசிகிறபோதுதான் தப்பு நடக்கிறது. சிறுநீர்தான் என்று நினைத்துச் சேலையை மாற்றிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கிற பெண்கள் அதிகம். காட்டு வேலைக்கும் மில் வேலைக்கும் போய்ப் பழகிய உடம்பு, இதையெல்லாம் ஒரு சங்கதியாக எடுத்துக்கொள்வதில்லை. சொன்னாலும், 'வலி வரட்டும், அப்புறம் போவோம்' என்று பெரியவர்கள் நிறுத்திவைப்பார்கள். இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பதறுகிறது. வலி இல்லாமல் நீர் போவதுதான் மூடி விலகியும் பால் அடுப்படியிலேயே கிடக்கிற நேரம். வலிக்காகக் காத்திருக்கிற அந்த ராத்திரி முழுவதும் அந்தப் பதினெட்டு மணி நேரத்தில்தான் கழிகிறது.

தாய்க்குப் பிரசவ நேரத்தில் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தாலோ, போகிற நீர் நாற்றமடித்தாலோ, கிருமி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சிறுநீர்த் தொற்றும் இந்தக் கணக்கில் வரும். திருச்சுழி, காரியாபட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில், வெளியே போக இருட்டும்வரை காத்திருந்து, அதற்காகவே தண்ணீரைக் குறைத்துக் குடித்துப் பழகிய பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். சிறுநீரை அடக்குவது தொற்றுக்கு வழிவிடும். அந்தத் தொற்று குறைமாதப் பிரசவத்தைத் தூண்டும். கழிப்பறையில் தண்ணீர் இல்லாத ஒரு வீட்டின் கதை, பிள்ளையின் எடையில் போய் எழுதப்படுகிறது.

கரண்டியும் கையும்

மூடி விலகிய சட்டிக்குள் ஆளுக்கொரு தடவை கரண்டியை விட்டுப் பார்த்தால் என்ன ஆகும் என்று எந்த அம்மாச்சியும் சொல்வார். கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று உள்ளே கைவிட்டுப் பார்ப்பது அவசியமான பரிசோதனை. ஆனால் ஒவ்வொரு முறையும் கீழே இருக்கிற கிருமி கொஞ்சம் மேலே தள்ளப்படுகிறது. சுத்தமான கையுறையோடு என்றாலும் மூன்று தடவைக்கு மேல் போனால் ஆபத்துக் கணக்கு ஏறுகிறது. சுத்தமில்லாத கை என்றால் ஒரே தடவை போதும்.

கையின் கதை பழையது. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வருகிற மாணவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரல் மாதத்தில் அந்த வார்டில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார் ஜன்னிக் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்தார்கள். மே நடுவில் கை கழுவல் தொடங்கியது. ஜூனில் இறப்பு நூற்றுக்கு இரண்டு. கிருமி என்ற ஒன்றை யாரும் நிரூபித்துக் காட்டியிராத காலம் அது.

குழாயில் தண்ணீர் வருகிற நாளை எண்ணிக்கொண்டு குடத்தை வரிசையில் வைக்கிற நம் பக்கத்தில், கை கழுவு என்று சொல்வது சுலபம். சோப்புப் போட்டுச் சரியாகக் கழுவ 40 முதல் 60 விநாடி வேண்டும், ஓடுகிற தண்ணீரும் வேண்டும். அது இல்லாத இடத்தில், அழுக்குத் தெரியாத கைக்குச் சானிடைசர் 20 முதல் 30 விநாடியில் அதே வேலையைச் செய்யும். கொரோனாவின்போது எல்லா வீட்டு வாசலிலும் இருந்த அந்தப் பாட்டில், பிள்ளை பெற்ற வீட்டுத் திண்ணையில் ஒரு மாதம் இருக்கட்டும். பிள்ளை பார்க்க வருகிறவர்களிடம் கையை நீட்டச் சொல்வதை மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆடை படியாத பால்

நன்றாகக் காய்ந்த பாலின்மேல் ஆடை படியும். அரைகுறையாகக் காய்ந்ததில் படியாது, அது சீக்கிரமும் கெடும். எல்லா ஆபத்துகளிலும் பெரியது இதுதான்: 37 வாரம் நிறையாமல் பிறப்பது, இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறப்பது. ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே போனால் ஆபத்து பல மடங்கு.

காரணம் உடம்பின் அமைப்பிலேயே இருக்கிறது. தாய் தன் வாழ்நாளில் சேர்த்த எதிர்ப்புப் புரதங்களை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கு அனுப்புவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான். ஏழாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளை அந்தச் சீதனம் வந்து சேருவதற்குள் கிளம்பிவிட்டது. அதன் தோல் காகிதத்தைவிட மெல்லியது, நீரும் வெப்பமும் வெளியே கசியும், கிருமி உள்ளே நுழையும். கிருமியை விழுங்குகிற வெள்ளணுக்களின் கையிருப்பும் குறைவு. தொற்று வந்தால் அந்தக் கையிருப்பு சீக்கிரமே தீர்ந்துபோகும். உறிஞ்சிப் பால் குடிக்கத் தெம்பு இல்லாததால் குழாய் வழியாகப் பால், நரம்பு வழியாக மருந்து. அப்படிப் போடுகிற ஒவ்வொரு ஊசியும் ஒரு திறப்பு. பிறந்ததும் அழாமல், மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றப்பட்ட பிள்ளைக்கும் இதே நிலைதான்.

முதல் உறை

இனி முக்கியமான இடம். பிள்ளைக்கு உறை ஊற்றுவது யார்?

சீம்பாலில் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன. அது எல்லோரும் கேட்டதுதான். அதைவிட வியப்பான ஒன்று தாய்ப்பாலில் உண்டு. பிள்ளையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரைகள் அதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகையில் இருக்கின்றன. செரிக்காததை ஏன் கொடுக்க வேண்டும்? அது பிள்ளைக்கு இல்லை, பிள்ளையின் குடலில் வாழ வேண்டிய நல்ல கிருமிகளுக்கு. அவை அதைத் தின்று பெருகிக் குடலைப் புளிப்பாக்குகின்றன. மோர் பாலில் செய்கிற வேலை அதேதான். தாயின் மார்புத் தோலில் இருக்கிற கிருமியும் பாலோடு உள்ளே போகிறது. உறையும் அதற்கான தீனியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

இதில் நேரம் பெரிய விஷயம். கானா நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2006இல் வெளிவந்த ஆய்வு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாருக்கும் தாய்ப்பால் தொடங்கியிருந்தால் முதல் மாதச் சாவில் நூற்றுக்கு 22 தவிர்த்திருக்கலாம் என்று கணக்கிட்டது. 2019-21 குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அப்படி ஒரு மணி நேரத்துக்குள் பால் கிடைத்த பிள்ளைகள் பத்தில் ஆறு பேர்தான். விருதுநகர் 2018இல் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டபோது, கண்காணிக்க எடுத்துக்கொண்ட குறியீடுகளில் இந்த ஒரு மணி நேரமும் உண்டு.

மீதி நாலு பேருக்கு என்ன ஆகிறது? அதே ஆய்வில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் அறுவைசிகிச்சை. தாய் தியேட்டரில் இருக்க, பிள்ளை துணியில் சுற்றி வெளியே வந்துவிடுகிறது. மாமியார் கையிலிருந்து சித்தி கைக்கு, சித்தி கையிலிருந்து தாத்தா கைக்கு. அழுதால் சீனித் தண்ணீர். நல்ல குணமுள்ள ஒருவர் சேனை தொட்டு வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்று தேன் தடவுகிற வழக்கம். தெற்கத்திப் பக்கத்தில் சங்கில் கழுதைப்பாலும் உண்டு. பிரியத்தில் செய்வதுதான் எல்லாம். ஆனால் முதல் உறை தாயுடையதாக இல்லாமல், கடையில் வாங்கிய சீனி, கழுவியும் கழுவாத சங்கு, கழுதையின் பால் என்று ஆகிவிடுகிறது. தேனில் மட்டும் தனியாக ஓர் ஆபத்து: அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, ஒரு வயதுக்குக் கீழான பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும். சேனை வைத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிற வீட்டில், தாயின் சீம்பாலில் ஒரு சொட்டைப் பாலாடையில் பிழிந்து வாங்கி, அந்த நல்ல குணமுள்ளவர் கையைக் கழுவிவிட்டு அதையே தொட்டு வைக்கட்டும். தையல் போட்டு வந்த தாய்க்கும் படுத்தபடியே பால் கொடுக்க முடியும், பக்கத்தில் ஒருவர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

நல்ல கிருமியைப் பிள்ளைக்கு வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. ஒடிசா கிராமங்களில் 4,556 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு பினாகி பாணிகிராஹி குழு நடத்திய சோதனை 2017இல் நேச்சர் இதழில் வந்தது. ஊறுகாய் போன்ற புளித்த உணவுகளில் காணப்படும் லாக்டோபேசில்லஸ் வகைக் கிருமி ஒன்றை, அதன் தீனியோடு சேர்த்து, சில நாள் வாய்வழி கொடுத்தார்கள். செப்சிஸும் இறப்பும் சேர்ந்து நூற்றுக்கு 9 என்றிருந்தது 5.4 ஆனது. அந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஓரளவு நிறைமாதத்தில், இரண்டு கிலோ எடைக்குக் குறையாமல் பிறந்து தாய்ப்பால் குடித்தவர்கள். இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளை வாயில் மோரைத் தொட்டு வைத்துவிடக் கூடாது. கடையில் விற்கிற பாக்கெட்டையும் கரைத்து ஊற்றக் கூடாது. மிகக் குறைமாதப் பிள்ளைக்கு அந்த நல்ல கிருமியே ரத்தத்தில் இறங்கி உயிரை எடுத்ததுண்டு. 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதற்காகவே எச்சரிக்கை விட்டது.

பொதுக் கரண்டி

கல்யாண வீட்டில் பத்துச் சட்டிக்கும் ஒரே கரண்டி போட்டால், ஒரு சட்டி கெட்டது பத்துக்கும் போகும். பெரிய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிற சிக்கல் இது. 2011 முதல் 2014 வரை டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், பிள்ளைகளின் ரத்தத்தில் கிடைத்த கிருமிகளில் முதலிடம் அசினெடோபாக்டருக்கு, நூற்றுக்கு 22. அடுத்தது கிளெப்சியெல்லா, 17. அந்த அசினெடோபாக்டரில் நூற்றுக்கு 82 பல மருந்துகளுக்கு மசியாதவை. 72 மணி நேரத்துக்குள் வருகிற தொற்று தாயிடமிருந்து வருவது என்பது மேல்நாட்டுப் பாடம். டெல்லியில் அந்த முதல் மூன்று நாளிலும் இதே ஆஸ்பத்திரிக் கிருமிகள்தான் இருந்தன. பிரசவ மேசை, உறிஞ்சுகுழாய், அவசரத்தில் கழுவாமல் விட்ட கை, இவற்றைத்தான் அது காட்டுகிறது.

அதற்காகப் 'பெட்டியில் வைக்க வேண்டாம்' என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடக் கூடாது. ஒன்றேகால் கிலோ பிள்ளைக்கு அந்த இங்குபேட்டர் பெட்டியும் ஆக்சிஜனும்தான் உயிர். கேட்க வேண்டியது வேறு: தாயை உள்ளே விடுகிறீர்களா? 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இங்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய கங்காரு முறை, பிள்ளையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கட்டிவைப்பது. உடம்பு தேறியபிறகுதான் அப்படி வைக்க வேண்டும் என்றிருந்ததை, பிறந்த உடனேயே தொடங்கினால் என்ன என்று இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த அந்தப் பிள்ளைகளில் இறப்பு நாலில் ஒரு பங்கு குறைந்தது, செப்சிஸும் குறைந்தது. தாயே வார்டில் இருந்தால் பிள்ளையைத் தொடுகிற கைகள் குறைகின்றன. அவள் தோலின் கிருமி முதலில் இடம்பிடிக்கிறது.

பால் உவமை நிற்கிற இடம்

சட்டிப் பாலைக் குளிர வைத்தால் கெடாது. பிள்ளையைக் குளிர விட்டால் கெட்டுப்போகும். உவமை இந்த இடத்தோடு சரி. பால் எதிர்த்து நிற்காது, பிள்ளை நிற்கும். உடம்பு சில்லிட்டால் அந்தத் தெம்பெல்லாம் சூட்டைத் தக்கவைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. அதனால்தான் முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளச் சொல்கிறார்கள். எடை குறைந்த பிள்ளைக்கு இன்னும் தள்ளிப்போக வேண்டும். குளிப்பாட்டும் பாட்டிமார் மூக்கில் வாய்வைத்து ஊதுவதும், காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும், தொண்டையில் விரலை விட்டுச் சளி எடுப்பதும் நிற்க வேண்டும். பிறந்த பிள்ளையின் மார்பு வீங்கியிருந்தால் அது தாயின் ஹார்மோன், தானே வடியும். பிழிந்தால் சீழ் பிடிக்கும்.

தொப்புளில் எதுவும் வேண்டாம். சாம்பல், மஞ்சள், வேப்பெண்ணெய், பவுடர் எதுவும். காய்ந்து தானாக விழட்டும். தொப்புள் வழியே வந்த ரணஜன்னி ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்ட பெயர். தாய்க்குப் போட்ட தடுப்பூசியும் சுத்தமாக வெட்டிய கொடியும் சேர்ந்துதான் அதை ஒழித்தன. 2015இல் இந்தியா அதை ஏறக்குறைய ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது.

பிரசவ வலியில் வருகிற எல்லாத் தாய்க்கும் ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? ஏழு நாடுகளில் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு அசித்ரோமைசின் கொடுத்துப் பார்த்த சோதனை 2023இல் வந்தது. தாயின் தொற்று குறைந்தது. பிள்ளையின் தொற்றில் மாற்றமே இல்லை.

எப்போது ஓட வேண்டும்

மேலே சொன்ன ஆபத்து இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகத்தான் இருப்பார்கள். எதுவுமே இல்லாத பிள்ளைக்கும் தொற்று வரலாம். ஆகவே கண் வைத்திருக்க வேண்டும். பால் குடித்த பிள்ளை குடிக்காமல் தூங்குவது, துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சுக்கு நெஞ்சுக்கூடு உள்ளிழுப்பது, உடம்பு சுடுவது அல்லது உள்ளங்கால் சில்லிடுவது, இழுப்பு வருவது, தொப்புளைச் சுற்றிச் சிவந்து நாறுவது. பெரியவர்களுக்குத் தொற்று என்றால் காய்ச்சல். பிள்ளைக்குப் பல சமயம் சூடு குறைவதுதான் அடையாளம். 'பிள்ளை நேத்து மாதிரி இல்லையே' என்று தாய் சொன்னால் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங்கும் ராணி பங்கும் 39 கிராமங்களில், உள்ளூர்ப் பெண்களுக்கே இந்த அடையாளங்களைக் கற்றுக்கொடுத்தார்கள், மருந்தும் ஊசியும் கையில் கொடுத்தார்கள். செப்சிஸ் வந்த பிள்ளைகளில் முன்பு நூற்றுக்கு 16.6 இறந்தன. அதன்பின் 2.8. 1999இல் லான்செட் இதழில் வந்த கணக்கு இது. 2011இல் நாடு முழுவதும் தொடங்கிய, வீட்டுக்கே வந்து பிள்ளையைப் பார்க்கிற திட்டம் இதிலிருந்து பிறந்ததுதான். 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் கதவைத் தட்டினால் பிள்ளை தூங்குகிறது என்று திருப்பி அனுப்ப வேண்டாம். எழுப்பிக் காட்டுங்கள்.

சந்தேகம் வந்தால் கஷாயம், உரைமருந்து என்று ஒரு வேளையும் கடத்தாமல் 108ஐக் கூப்பிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசி போட்டு அருப்புக்கோட்டைக்கோ விருதுநகருக்கோ மதுரைக்கோ அனுப்புவார்கள். பனிக்குடம் எத்தனை மணிக்கு உடைந்தது, பிள்ளை எத்தனை மணிக்குப் பிறந்தது, தாய்க்குக் காய்ச்சல் இருந்ததா, பிறந்த எடை என்ன, கடைசியாக எப்போது பால் குடித்தது, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி டிஸ்சார்ஜ் சீட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் பிள்ளையைத் துணிமூட்டையாக மடியில் கிடத்த வேண்டாம். தாயின் மார்போடு வெறும் உடம்பாக ஒட்டி, தலைக்குக் குல்லா போட்டு, மேலே போர்த்திக்கொண்டு போக வேண்டும். தாய் வர முடியாத நிலையில் இருந்தால் தகப்பன் சட்டையைக் கழற்றிவிட்டு அப்படி வைத்துக்கொள்ளலாம், அப்பத்தாவும் வைத்துக்கொள்ளலாம்.